கணினி கேள்வி பதில்: எந்தத் திரையில் நிற்கிறது?

கணினி தொடங்குவதற்கு நெடுநேரம் ஆகிறது என்ற முறையீடு இம்முறை பல கடிதங்களில் வந்திருக்கிறது. ஒன்றையொன்று ஒத்தவற்றை விட்டுவிட்டு, வெவ்வேறு காரணம் கொண்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மேசைக் கணினி வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்தியதிலிருந்து வேலையைத் தொடங்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நண்பர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார், இன்னொருவர் ரேமைக் கூட்டச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, ஒரு கடிகாரத்தையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு கணினியின் முன் அமருங்கள். தாங்கள் சொல்லும் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று தனித்தனிக் காத்திருப்புகள் ஒளிந்திருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள பயாஸ் என்னும் தொடக்க நிரல் விழித்துக்கொண்டு ரேம், கீபோர்டு, டிஸ்க் ஆகியவற்றைச் சரிபார்க்கும்; அப்போது திரையில் தயாரிப்பாளரின் சின்னம் மட்டுமே தெரியும். சின்னத்துக்குக் கீழே சிறு புள்ளிகள் வட்டமிடத் தொடங்கினால், பயாஸ் தன் வேலையை முடித்து விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டது என்று பொருள். கடவுச்சொல் கொடுத்து டெஸ்க்டாப் தோன்றியதிலிருந்து, ஒரு ஃபோல்டரைத் திறந்தால் தயங்காமல் திறக்கும் நிலை வரும்வரை மூன்றாவது கட்டம். இந்த மூன்றுக்கும் எத்தனை விநாடி பிடிக்கிறது என்று தனித்தனியே குறித்துவிட்டால், எதைத் தொட வேண்டும் என்பதைவிட எதைத் தொடத் தேவையில்லை என்பது தெளிவாகிவிடும். முதல் கட்டத்தின் அளவைக் கணினியே சொல்லும் வசதியும் உண்டு: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதிக்குச் சென்றால், புதிய வகை பயாஸ் உள்ள கணினிகளில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று விநாடிக் கணக்கு காட்டப்படும். அது பத்துப் பதினைந்து விநாடிக்குள் இருந்தால் பயாஸின் மேல் பழி போட வேண்டாம்.

தாங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் தாமதம் இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். டெஸ்க்டாப் தோன்றியதும் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் என்ற வரியைப் பாருங்கள். பயன்பாடு 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கீழே படிக்கும் வேகமோ விநாடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்று, நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கும். முரணாகத் தோன்றும் இந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் உண்மையைச் சொல்கின்றன. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி ஆகும்; வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவிநாடிக்குச் சற்று அதிகம். தலை உரிய தடத்துக்கு நகர இன்னும் 8 முதல் 10 மில்லிவிநாடி. ஆக, எங்கெங்கோ சிதறிக்கிடக்கும் சிறு துண்டுகளைப் படிக்கும்போது விநாடிக்கு எழுபது எண்பது துண்டுகளுக்கு மேல் அதனால் இயலாது. ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 300 கேபிதான் வரும். வரிசையாக அடுக்கிய ஒரு பெரிய திரைப்படக் கோப்பை விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் படிக்கும் அதே டிஸ்க், விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடித் தலையை அங்குமிங்கும் அலையவிட்டே நேரத்தைக் கழிக்கிறது. சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. ஆகவே இந்த அலைச்சல் முழுவதும் மறைந்துவிடும்.

எனவே என் பரிந்துரை எஸ்எஸ்டிதான். ரேமைப் பொறுத்தவரை, கணினி தொடங்கிய சற்று நேரத்திலேயே பயன்பாடு 85 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். 8 ஜிபியை 16 ஆக்கினால் பல நிரல்களைச் சேர்த்துத் திறக்கும்போது பயன் தெரியுமே தவிர, தொடக்க நேரம் அவ்வளவாகக் குறையாது. ஃபார்மட் செய்தால் சில வாரங்கள் நன்றாக இருக்கும், பிறகு பழைய நிரல்களை ஒவ்வொன்றாக நிறுவியதும் பழைய நிலை திரும்பிவிடும், ஏனெனில் டிஸ்க் அதே டிஸ்க்தான். எப்படியும் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதானால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வாங்கும்போது மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. கேபிளால் இணையும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, சாட்டா இணைப்புள்ள பழைய கணினி எதிலும் பொருந்தும். பலகையிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 பொருத்துமிடம் இருந்தாலும், அது சாட்டா வகையை ஏற்குமா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா என்பது பலகைக்குப் பலகை மாறும். தொடக்க வேகத்தில் இந்த இரண்டு வகைகளுக்கும் இடையே பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம். ஹார்டு டிஸ்க்கை விட்டு எஸ்எஸ்டிக்கு வரும் முதல் தாவல்தான் பெரியது.

கேள்வி: தாங்கள் சொல்வதுபோலவே எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி, பழைய டிஸ்க்கில் இருந்த விண்டோஸை அப்படியே குளோன் (அச்சுநகல்) செய்தேன். வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. போலிப் பொருளாக இருக்குமோ?

பதில்: போலி என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை உள்ளேயே விட்டிருக்கிறீர்கள் என்றால், கணினி இன்னமும் அதிலிருந்தே தொடங்கிக்கொண்டிருக்கலாம். குளோன் செய்த பிறகு இரண்டிலும் ஒரே டெஸ்க்டாப், ஒரே கோப்புகள் என்பதால் கண்ணால் பார்த்து வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. கணினியை அணைத்து, மின்வயரை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டு, பழைய டிஸ்க்குக்குச் செல்லும் சாட்டா கேபிளை மட்டும் கழற்றி, மறுபடி தொடங்கிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டால் பொருளில் குறையில்லை. பயாஸில் தொடக்க வரிசையை மாற்றி எஸ்எஸ்டியை முதலில் வைக்க வேண்டும். தொடங்கவே இல்லை என்றால், குளோன் செய்யும்போது சி டிரைவ் மட்டும் போய், அதற்கு முன்னால் இருக்கும் சிறிய பூட் பகுதி விடுபட்டிருக்கும். முழு டிஸ்க்கையும் மறுபடி குளோன் செய்வதே எளிய வழி.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. தொடக்க வரிசை சரியாகவே இருக்கும், பழைய டிஸ்க் வெறும் சேமிப்பிடமாக மட்டும் இருக்கும், ஆனாலும் அதை இணைத்தால் தாமதமும் கழற்றினால் வேகமுமாக இருக்கும். அப்படியானால் அந்த டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கிறது, கணினி ஒவ்வொரு முறையும் அதன் பதிலுக்காகக் காத்து நிற்கிறது என்று கொள்ள வேண்டும். அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

கேள்வி: போன வாரம்வரை நன்றாக இருந்த கணினி திடீரென்று பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. உள்ளேயிருந்து அவ்வப்போது 'டிக், டிக்' என்ற ஓசையும் வருகிறது. டிஸ்க்கைச் சரிபார்க்கும் நிரலை ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பக்கத்தில் வந்த கடிதங்களிலேயே அவசரமானது தங்களுடையது. படிப்படியாக வரும் மந்தத்துக்கு நூறு காரணம் இருக்கலாம். ஒரே வாரத்தில் வந்த மந்தமும் அந்த ஓசையும் சேர்ந்தால், தலை ஓர் இடத்தைப் படிக்க முயன்று தோற்று, தொடக்க நிலைக்குத் திரும்பி, மறுபடி முயல்கிறது என்று பொருள். ஒவ்வொரு தோல்விக்கும் பல விநாடிகள் போகின்றன. சரிபார்க்கும் நிரலோ டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் மணிக்கணக்கில் படிக்கச் சொல்லும். தள்ளாடி நடப்பவரை ஓடச் சொல்வதற்கு ஒப்பானது அது. முதலில் வேறொரு டிஸ்க்கை இணைத்து, மீண்டும் உருவாக்க முடியாதவற்றை, அதாவது புகைப்படங்கள், கடிதங்கள், கணக்குகள் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே நகலெடுங்கள். நிரல்களையும் திரைப்படங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டிஸ்க் கணினிக்கே தெரியாமல் போய்விட்டால் அதைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காமல் தரவு மீட்பில் பழகியவரிடம் கொடுப்பதே முறை.

நகல் எடுத்து முடித்த பிறகு உறுதி செய்துகொள்ள விரும்பினால், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரலில் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைப் பார்க்கலாம். அவற்றில் 5 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் ஐயத்துக்குரியவையாக நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இவை பூஜ்யமாக இல்லாமல், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டும் இருந்தால் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டியதுதான். நிரலில் அந்த எண்கள் பெரும்பாலும் பதினாறடிமான முறையில் இருக்கும் என்பதால் ஏ, பி போன்ற எழுத்துகளைக் கண்டு குழம்ப வேண்டாம். 5, 197 இரண்டும் பூஜ்யமாக இருந்து 199 என்ற வரி மட்டும் ஏறினால், தாங்கள் பிழைத்தீர்கள்: டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே செல்லும் செய்தி வழியில் சிதைகிறது, பெரும்பாலும் சாட்டா கேபிளின் குறை அது. கேபிளை மாற்றிய பின்னும் பழைய எண் அப்படியே நிற்கும், குறையாது. மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கேள்வி: என் கணினியில் தயாரிப்பாளரின் சின்னம் மட்டும் ஒன்றரை நிமிடம் நிற்கிறது. அதன் பிறகு விண்டோஸ் பதினைந்து விநாடியில் வந்துவிடுகிறது. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது.

பதில்: தாங்களே பாதி நோயைக் கண்டறிந்துவிட்டீர்கள். புள்ளிகள் சுழல்வதற்கு முன் நடக்கும் தாமதத்தில் விண்டோஸுக்குப் பங்கில்லை. அதை மறுபடி நிறுவினாலும் ஒரு விநாடிகூடக் குறையாது. கணினியை அணைத்துவிட்டு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தவிர மற்ற எல்லா யுஎஸ்பி இணைப்புகளையும் கழற்றித் தொடங்குங்கள். என் மேசைக் கணினி இப்படித்தான் சில மாதங்கள் 70 விநாடி சின்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. வெளி டிஸ்க்கைக் கழற்றினேன், பிரின்டரைக் கழற்றினேன், மாற்றமில்லை. கடைசியில் பெட்டியின் முகப்பில் இருந்த கார்டு ரீடரில் எப்போதோ செருகி மறந்துபோன, செத்துப்போன ஒரு மெமரி கார்டு அகப்பட்டது. அதிலிருந்து தொடங்க முடியுமா என்று பயாஸ் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கார்டை உருவியதும் சின்னம் ஏழு விநாடியில் மறைந்தது. என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கழற்றியும் மாறவில்லை என்றால் பயாஸுக்குள் சென்று தொடக்க வரிசையைப் பாருங்கள். நெட்வொர்க் வழியாகத் தொடங்கும் வசதி முதலிடத்தில் இருந்தால், விடை தராத சர்வர் ஒன்றைத் தேடிவிட்டுத்தான் கணினி டிஸ்க்குக்கு வரும். விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயரை முதலிடத்தில் வையுங்கள். அங்கே இருக்கும்போதே தேதியையும் கடிகாரத்தையும் கவனியுங்கள். மின்வயரைப் பிடுங்கி வைத்த பிறகு தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தாலோ, எஃப்1 விசையை அழுத்தும்படி கேட்டு நின்றாலோ, மதர்போர்டில் நாணயம்போல் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறிப்போனால் இணையதளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று திறக்க மறுப்பதும் அதன் இன்னோர் அறிகுறி. பேட்டரியை மாற்றுவது எளிது; ஆனால் மாற்றியதும் பயாஸ் அமைப்புகள் பழைய இயல்பு நிலைக்குத் திரும்பக்கூடும் என்பதால், முன்னதாக ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, டிஸ்க் இயங்கும் முறை ஏஹெச்சிஐ என்றோ ரெய்டு என்றோ எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். மாறினால் விண்டோஸ் தொடங்காது. பிட்லாக்கர் பூட்டு போட்டிருப்பவர்கள் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிவைத்துக்கொண்ட பிறகே பயாஸில் கைவைக்க வேண்டும்.

டிடிஆர்5 ரேம் கொண்ட புதிய கணினிகளில், ரேமைப் பொருத்திய பின் முதல் முறை தொடங்கும்போது ஓரிரு நிமிடங்கள் திரை இருண்டே இருப்பது இயல்பு; ரேமோடு எந்த வேகத்தில் பேசுவது என்று பலகை பயிற்சி எடுத்துக்கொள்ளும் நேரம் அது. நடுவில் பதறி அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: தினமும் இரவில் முறையாக ஷட் டவுன் செய்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் கணினி 11 நாட்களாக இயங்குவதாகக் காட்டுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கிறது. இது கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் செய்யும்போது தாங்கள் திறந்த நிரல்கள் மட்டுமே மூடப்படுகின்றன. விண்டோஸின் உள்ளகமும், வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல்களும் அப்போதிருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு, மறுநாள் அங்கிருந்து அப்படியே எடுத்து விரிக்கப்படுகின்றன. ரீஸ்டார்ட்டில் மட்டும்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதனால்தான் ரீஸ்டார்ட் அதிக நேரம் கேட்கிறது, நாள் கணக்கும் தொடர்கிறது. டிரைவர் ஒன்று தடுமாறத் தொடங்கினால் அந்தத் தடுமாற்றமும் சேர்ந்தே பாதுகாக்கப்பட்டு நாள்தோறும் திரும்பி வரும் என்பதுதான் இதில் உள்ள இடர். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்கினால் ஒருமுறை முழுமையாக அணையும். ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்மையே. எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இதை நிறுத்திவிட்டாலும் இழப்பது சில விநாடிகள்தான். நான் நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்டார்ட்அப் பட்டியலில் 27 நிரல்கள் இருக்கின்றன. எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது? எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்பு நிரலில் பிராசசர் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் வருமாமே?

பதில்: இரண்டாவதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். வராது. விண்டோஸ் தன்னியல்பாகவே எல்லா கோர்களையும் பயன்படுத்துகிறது. அந்தக் கட்டம், சோதனைக்காக எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பதற்கென்று மென்பொருள் எழுதுவோருக்கு வைக்கப்பட்டது. தவறுதலாகக் குறைந்த எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'வேகம் கூட்டிய பிறகு' கணினி மந்தமானதாக எழுதியவர்களும் உண்டு. ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைக் காலி செய்யும் ஆலோசனையும் இதே இனம்: அடுத்து என்ன தேவைப்படும் என்று விண்டோஸ் எழுதிவைத்த குறிப்புகளை அழித்தால் அடுத்த தொடக்கம் இன்னும் தாமதமாகும்.

பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஹை, மீடியம், லோ என்று காட்டப்படுவது வெறும் அபிப்பிராயமன்று. தொடக்கத்தில் பிராசசரின் நேரத்தில் 1 விநாடிக்கு மேலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேலோ எடுத்துக்கொள்ளும் நிரலுக்கு ஹை என்ற முத்திரை விழும். ஆகவே ஹை என்றிருப்பவற்றை மட்டும் பார்த்தால் போதும். லோ என்றிருக்கும் இருபதை நிறுத்தினாலும் பலன் தெரியாது. உரையாடல் நிரல்கள், விளையாட்டு விற்பனை நிரல்கள், அப்டேட் தேடுபவை, பிரின்டருடன் வந்த உதவி நிரல்கள் ஆகியவற்றைத் தயங்காமல் நிறுத்தலாம். நிறுத்துவதால் அவை அழிந்துபோவதில்லை, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸையும், ஒலி, டச்பேட் போன்ற வன்பொருளுக்கு உரியவற்றையும் விட்டுவிடுங்கள். ஆனால் ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை முற்றாக நீக்குங்கள், ஒரு கோப்பை இருவரும் மாறி மாறிச் சோதிப்பதைப் போன்ற வீண்வேலை வேறில்லை.

இன்னும் நுணுகிப் பார்க்க விரும்பினால் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் பிரிவுக்குள் டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பதிவேடு இருக்கிறது. அதில் 100 என்ற எண்ணுள்ள பதிவு, அந்தத் தொடக்கத்துக்கு ஆன மொத்த நேரத்தை மில்லிவிநாடியில் சொல்லும். 101 தாமதப்படுத்திய நிரலையும், 102 டிரைவரையும், 103 பின்னணியில் இயங்கும் சர்வீஸையும் பெயரோடு காட்டிக்கொடுக்கும். 85,000 என்று இருந்தால் 85 விநாடி. ஒரே பெயர் நான்கைந்து நாட்கள் தொடர்ந்து வந்தால் அதுதான் குற்றவாளி. ஒருநாள் மட்டும் வந்தால் அன்றைக்கு அப்டேட் நடந்திருக்கும், விட்டுவிடலாம்.

கேள்வி: டெஸ்க்டாப்பின் பின்னணிப் படம் தொடக்க வேகத்தைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்காது. விந்தையான விதிவிலக்கு ஒன்று மட்டும் இருந்தது: விண்டோஸ் 7-இல் படத்துக்குப் பதிலாக ஒரே நிறத்தைப் பின்னணியாக வைத்தால், வரவேற்புத் திரை 30 விநாடி நிற்கும் பிழை. வேகத்துக்காகப் படத்தை நீக்கியவர்களே அதில் சிக்கினார்கள். பின்னர் அது திருத்தப்பட்டது.

கேள்வி: லினக்ஸ் பயன்படுத்துகிறேன். பழைய டிஸ்க் ஒன்றைக் கழற்றியதிலிருந்து, தொடங்கும்போது ஒரு வரி சிவப்பு நட்சத்திரங்களோடு ஓடி, சரியாக ஒன்றரை நிமிடம் எண்ணிவிட்டுத்தான் மேலே போகிறது.

பதில்: 'சரியாக' என்று தாங்கள் எழுதிய சொல்லே காரணத்தைச் சொல்லிவிட்டது. பழுதினால் வரும் தாமதம் நாளுக்கு நாள் கூடிக் குறையும். கடிகாரம்போல் 90 விநாடியில் நிற்பது, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி நிரல் ஒரு வேலைக்குக் கொடுக்கும் இயல்பான கெடு. தொடக்கத்தில் இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், கழற்றிய டிஸ்க்கின் யுயுஐடி (அடையாள எண்) வரி இன்னும் இருக்கிறது. வராத டிஸ்க்குக்காகக் கணினி ஒவ்வொரு முறையும் கெடு முடியும்வரை காத்திருக்கிறது. கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் (#) குறியைப் போட்டு அதைச் செயலிழக்கச் செய்யுங்கள். டிஸ்க்கை அவ்வப்போது இணைப்பதுண்டு என்றால், வரியை விட்டுவைத்து, அதன் விருப்பங்களில் நோஃபெயில் என்பதைச் சேர்த்தால் தொடக்கம் அதற்காக நிற்காது. கழற்றிய டிஸ்க்கில் ரேம் போதாதபோது பயன்படும் ஸ்வாப் பகுதியும் இருந்திருந்தால், அதற்கென்று தனி வரி ஒன்று கீழே இருக்கும். அதையும் மறக்காமல் பாருங்கள்.